இன்வெர்ட்டர் ஏகாம்பரம் சொல்லாமல் போன பதில்

ஏகாம்பரம் அண்ணன் காலமாகிவிட்டார் என்று எங்கள் இன்வெர்ட்டர் தொழில் சங்கத்துச் செயலாளர் போன் செய்தபோது, நான் வடமாலபேட்டை கல்யாண மண்டபத்தில் பேட்டரிகளுக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிக்கொண்டிருந்தேன். காலை முகூர்த்தம் முடிந்து மேளக்காரர்கள் சாப்பிடப் போயிருந்த நேரம். "அக்கா, பெரியவரு பூட்டாரு. மார்ல வலின்னாராம். ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போற வழிலயே முடிஞ்சிட்ச்சி" என்றார். நான் "சரிப்பா" என்றேன். கை மட்டும் ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. பேட்டரி செல் நிரம்பி வழிந்து ஆசிட் தண்ணீர் செருப்பில் சொட்டிய பிறகுதான் பாட்டிலை நிமிர்த்தினேன். இத்தனை கால வேலையில் நான் ஒரு செல்லைக்கூட வழியவிட்டதில்லை.

தகனம் முடிந்த சில நாளில் செயலாளர் மறுபடியும் அழைத்தார். சங்கம் நினைவு மலர் போடுகிறதாம். தெலுங்கில் நிறைய பேர் எழுதுகிறார்கள். புத்தூர், நகரி பக்கத்துக்காரர்கள் படிக்கத் தமிழில் ஒன்று வேண்டுமாம். "அவரோட மொதமொதல்ல வேல செஞ்சவங்க நீங்கதானேக்கா. நல்லதா ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க" என்றார். நல்லது நிறைய இருக்கிறது. அதை முதலில் எழுதுகிறேன். மீதியையும் எழுதுவேன். போடுவதும் விடுவதும் சங்கத்தின் விருப்பம்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இன்று திருப்பதியில் எந்த லாட்ஜில் தங்கினாலும், சித்தூரில் எந்த மருத்துவரிடம் போனாலும், கரண்ட் போனது தெரியாமல் விளக்கு எரிகிறது. கரண்ட் இருக்கும்போது அதை பேட்டரியில் சேர்த்து வைத்து, இல்லாதபோது எடுத்துக் கொடுக்கும் பெட்டிதான் இன்வெர்ட்டர். அந்தப் பெட்டியை எங்கள் பக்கத்துக் கட்டடங்களுக்குள் முதலில் கொண்டுவந்தவர்களில் ஒருவர் ஏகாம்பரம் அண்ணன். "இன்வெர்ட்டர் ஏகாம்பரம்" என்றால் சிறுபிள்ளையும் வீட்டைக் காட்டும். அவருடைய சொந்த ஊர் பாகாலா. தகப்பனார் ரயில்வேயில் கேங்மேன். "எங்க நைனா ராந்தல் புடிச்சிக்கினு ரயிலுக்கு வெளிச்சம் காட்னாரு. நான் வூட்டுக்குக் காட்றேன், அவ்ளோதான் வித்தியாசம்" என்பார்.

நான் அவரைச் சந்தித்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். என் கணவர் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்தார். ஊரில் பாதிப்பேர் குவைத்துக்குப் போன அலையில் அவரும் டிரைவர் விசா எடுத்துப் போய்விட்டார். கடையை மூட எனக்கு மனம் வரவில்லை. போர் மோட்டார் எரிந்துகொண்டேதான் இருந்தது. செம்புக் கம்பிக் காயில் சுற்ற எனக்கும் தெரியும். முதலில் "பொம்பள சுத்தினா நிக்குமா" என்று கேட்டவர்கள், நின்றதும் கேட்பதை நிறுத்தினார்கள். அப்போது ஒருநாள், கையில் திறந்துபோட்ட பெட்டியோடு ஒரு லாட்ஜ் வயர்மேன் வந்து நின்றார். மெட்ராஸில் வாங்கிய பெட்டி, டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிட்டது, சுற்றித் தர முடியுமா என்றார். நான் சுற்றிக் கொடுத்தேன். அடுத்த வாரமே மறுபடியும் வந்தார். இந்த முறை கையில் பெட்டி இல்லை.

"யம்மா, இத்த நாமளே செய்யலாமா? போர்டு வேல எனக்கு வரும். ட்ரான்ஸ்பார்மர் நீ சுத்து. பேட்டரி, லாரிக்குப் போடறதே போதும். இன்னா சொல்ற?"

நான் யோசிக்கவே இல்லை. அரிசி மில்லுக்குப் பக்கத்தில் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் ஷெட் எடுத்தோம். அவர் சாலிடரிங் பிடிப்பார், நான் காயில் சுற்றுவேன். பிறகு எனக்கு உதவிக்கு இரண்டு பெண்கள் வந்தார்கள். பெட்டிக்கு நாங்கள் பெயர்கூட வைக்கவில்லை. "ஏகாம்பரம் பெட்டி" என்று ஊர் வைத்தது. என் பெயர் அதில் இல்லையே என்று அன்று எனக்குத் தோன்றவும் இல்லை, இன்று அது வருத்தமும் இல்லை. என் வருத்தம் வேறு.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. பெட்டியை மாட்டி முடித்ததும் மற்றவர்கள் மெயினை அணைத்துக் காட்டிவிட்டுக் கிளம்புவார்கள். அண்ணன் மெயினைத் தொடமாட்டார். கரண்ட் தானாகப் போகும்வரை அந்த வீட்டிலேயே உட்கார்ந்திருப்பார். "நாமளே புடுங்கிக் காட்னா அது டிராமா. அவன் புடுங்கறப்ப எரிஞ்சாதான் பெட்டி" என்பார். அந்தக் காலத்தில் அதற்காக அதிகம் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் சித்தூரில் ஒரு பல் டாக்டர் வீட்டில் மாட்டிய அன்று கரண்ட் போகவே மாட்டேன் என்றது. மதியச் சாப்பாடு போட்டார்கள். நான்கு மணிக்கு டீயும் பஜ்ஜியும் வந்தன. சாயந்திரம் மறுபடியும் இலை போடவேண்டிய நிலை வந்ததும், டாக்டர் வீட்டு அம்மாளே சப் ஸ்டேஷனுக்குப் போன் செய்து, "இன்றைக்கு ஏன் இன்னும் கரண்ட் போகவில்லை?" என்று தெலுங்கில் சண்டை பிடித்தார். அந்தப் பக்கம் இருந்தவர் பயந்துபோனாரோ என்னவோ, கொஞ்ச நேரத்தில் போனது. எங்கள் பெட்டி எடுத்துக்கொண்டது. டாக்டர் கை தட்டினார். பஸ்ஸில் திரும்பி வரும்போது வழியெல்லாம் சிரித்தோம். அந்த ஏகாம்பரம் அண்ணனை எனக்குப் பிடிக்கும். அவருக்காக நான் எதையும் செய்திருப்பேன்.

இனி புத்தலப்பட்டு. அங்கே ஒரு வெல்ல வியாபாரி வீட்டில் எங்கள் பெட்டி இருந்தது. ஆயுதபூஜை அன்று வீட்டில் உள்ள இயந்திரம் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துப் படைப்பது நம் வழக்கம். அவர்களும் இன்வெர்ட்டருக்கும் பேட்டரிக்கும் சந்தனம் குங்குமம் இட்டு, பேட்டரியின் தலைமேலேயே தட்டு வைத்துக் கற்பூரம் ஏற்றிவிட்டார்கள். சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் பேட்டரியிலிருந்து ஒரு வாயு கிளம்பும். பக்கத்தில் நெருப்பு இருந்தால் வெடிக்கும். மூடிகள் சுவரில் அடித்தன. ஆசிட் தெறித்து அந்த வீட்டு மருமகளின் கையில் பட்டது. கடவுள் புண்ணியத்தில் முகத்தில் படவில்லை.

நாங்கள் இருவரும் ஓடினோம். கற்பூரத் தட்டு நெளிந்து கிடந்தது. பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. அண்ணன் வேறு பேட்டரி கொண்டுவந்து அதே பெட்டியில் இணைத்தார், விளக்கு எரிந்தது. வியாபாரி தலையில் கை வைத்துக்கொண்டு, "பூஜ பண்ணது தப்பா சாமி?" என்று கேட்டார். அண்ணன் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, "பூஜ தப்பில்ல, எடம்தான் தப்பு. பொட்டு வெச்சிக்க, பூ போட்டுக்க. கர்ப்பூரம் மட்டும் வாசல்ல ஏத்து" என்றார். அதன் பிறகு ஒவ்வொரு வீட்டிலும் பேட்டரி வைக்கும்போது இதைச் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவோம். எங்களுக்கு முன்னால் யாருக்கும் தெரியாத ஒரு தவறு. எங்கள் ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு. அதைக் கற்றுக்கொண்டு திருத்தினோம் என்று எனக்குப் பெருமைகூட இருந்தது.

பிறகு காலம் மாறியது. டி.வி.யில் கம்பெனி இன்வெர்ட்டர் விளம்பரம் வந்தது. வழுவழுப்பான வெள்ளைப் பெட்டி, நீலச் சிறு விளக்கு, இரண்டு வருட வாரண்டி. எங்கள் பெட்டியில் ஓடினால் ஃபேன் கொஞ்சம் "ம்ம்ம்" என்று முனகும். கம்பெனிப் பெட்டியில் முனகாது. உண்மையை மறைக்க வேண்டியதில்லை. "நாமளும் அத்த மாதிரி செய்யணும்ண்ணா" என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அண்ணன் அடிக்கடி சென்னைக்குப் போய்வர ஆரம்பித்தார். ஒருநாள் வந்து, "திருப்பதில நம்ம கட தொறக்கறேன் சரளா. நீதான் வெளக்கேத்தணும்" என்றார். நம்ம கடை என்றார். அந்த வார்த்தையை நான் நம்பினேன்.

பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். வாசலில் ஷாமியானா, மைக், கம்பெனியிலிருந்து டை கட்டியவர்கள். குத்துவிளக்கின் முதல் திரியை ஏற்றியது நான்தான். உள்ளே எங்கள் பெட்டி ஒன்றுகூட இல்லை என்பதை அதற்குப் பிறகுதான் கவனித்தேன். அடுத்ததாக எக்ஸ்சேஞ்ச் மேளா என்று அறிவித்தார்கள். லோக்கல் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தால் கம்பெனிப் பெட்டியில் தள்ளுபடி. மேசைமேல் ஒரு பெட்டியைத் தூக்கி வைத்தார்கள். நான் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர் உள்ள பெட்டி. அண்ணன் மைக்கை வாங்கித் தெலுங்கில் பேசினார். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்களா, பெரியவர்கள் இருக்கிறார்களா, யோசியுங்கள் என்றார். புத்தலப்பட்டில் ஒரு வீட்டில் இந்த மாதிரிப் பெட்டி வெடித்து, அந்த வீட்டு மருமகளுக்கு ஆசிட் பட்டதை என் கண்ணால் பார்த்தேன் என்றார். கற்பூரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பிறகு கட்டிங் பிளேயரை எடுத்து, இனி யாரும் இதை மாட்டமுடியாதபடி டிரான்ஸ்ஃபார்மர் கம்பிகளைக் கூட்டத்துக்கு முன்னால் வெட்டினார்.

நான் முன்வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் வெட்டினார்.

முடிந்ததும் படிக்கட்டு அருகே வந்தார். "யாவாரம்மா இது. கம்பெனிக்காரன் இப்டிதான் பேசச் சொல்றான். மன்சுல வெச்சிக்காத. சாப்ட்டுட்டுப் போ" என்றார்.

"பெட்டியாண்ணா புத்தலப்பட்டுல வெடிச்சிது? நீயும் நானுந்தான போனோம்?" என்று கேட்டேன். கோபம் வந்தால் எனக்கு மரியாதை வார்த்தை வராது. அன்று அவரை "நீ" என்றுதான் சொன்னேன். யாரோ அவரைப் புகைப்படத்துக்குக் கூப்பிட்டார்கள். போய்விட்டார். நான் சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

ஏகாம்பரமே அப்படிச் சொன்னால் யார் நம்பமாட்டார்கள்? அவர் பெட்டியைப் பற்றி அவரே சொல்கிறார். எல்லோரும் அள்ளிக்கொண்டு போய்க் கொடுத்தார்கள். சுற்றியது நான் என்று தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும் என்பதால், "வெடிச்சது அந்தம்மா சுத்தினதாமே" என்ற பேச்சும் கிளம்பியது. பம்ப் மோட்டார்கூட வருவது நின்றது. என்னிடம் இருந்த பெண்கள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி பஸ் ஏறிவிட்டார்கள். ஷெட்டைக் காலி செய்துவிட்டு நான் பெங்களூருக்குப் போய், ஒரு டிரான்ஸ்ஃபார்மர் தொழிற்சாலையில் கூலிக்குச் சேர்ந்தேன். அங்கே சுற்றிய காயில் எந்தெந்தக் கம்பெனிக்குப் போகிறது என்று ஒருநாள் விசாரித்தேன். அண்ணன் விற்கிற வெள்ளைப் பெட்டிக்கும் போகிறது என்றார்கள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மறுநாள் வழக்கம்போல வேலைக்குப் போனேன்.

பெங்களூரில் என்னை அரித்தது பிழைப்பு அல்ல. ஒரு சந்தேகம். அண்ணன் அவ்வளவு உறுதியாகச் சொன்னாரே, ஒருவேளை உண்மையோ? நான் சுற்றியதில் ஏதாவது பிசகோ? கற்பூரம் என்பது நமக்கு நாமே சொல்லிக்கொண்ட சமாதானமோ? மறுபெட்டி வைத்தோமா, அதே பெட்டியா என்றுகூட நினைவு குழம்ப ஆரம்பித்தது. முடித்த காயிலை மறுபடி மறுபடி மீட்டர் வைத்துப் பார்ப்பேன். "யாக்கம்மா, ஒம்மெ சாலதா?" என்று சூப்பர்வைசர் கன்னடத்தில் கிண்டல் செய்வார், ஒரு தடவை போதாதா என்று அர்த்தம். பட்டவளுக்குத்தான் தெரியும். தன் கையையே நம்பாமல் வேலை செய்வது பெரிய கொடுமை. அன்று அந்த வீட்டில் என்னோடு நின்றவர் அவர் ஒருவர்தான். அவர் வாயால் ஒரு வார்த்தை வந்தால் போதும் என்று இருந்தது எனக்கு.

ஊர் திரும்பி, மண்டபங்களில் பேட்டரி பார்க்கும் வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு சித்தூரில் ஒரு கல்யாணத்தில் அவரைப் பார்த்தேன். வெள்ளை வேட்டி, தங்க பிரேம் கண்ணாடி, பையன் அமெரிக்காவில். என்னைக் கண்டதும் உண்மையாகவே முகம் மலர்ந்தார். "இன்னாமா, எளச்சிட்ட. வூட்டுக்கு வர்றதேயில்ல" என்றார். நான் நேராகக் கேட்டேன்.

"அண்ணா, புத்தலப்பட்டுல வெடிச்சது பெட்டியா, கற்பூரமா? எனக்கு மட்டும் சொல்லுங்க. யாருக்கும் சொல்லமாட்டேன்."

அவர் சிரித்தார். "இன்னும் அத்தயே புடிச்சிக்கினு கீறியா? ஊரே மறந்துட்ச்சி. வா, மொதல்ல ரெண்டு வாய் துன்னு" என்று சொல்லிவிட்டுப் பந்திக்கு நடந்தார். நான் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதன்பின் அவரோடு நான் பேசவில்லை.

சாவுக்குப் போவதா வேண்டாமா என்று யோசித்தேன். கால் போய்விட்டது. பையன் வந்து சேரும்வரை ஃப்ரீசர் பெட்டியில் வைத்திருந்தார்கள். கண்ணாடிக்குள் முகம் சின்னதாகத் தெரிந்தது. "ஊருக்கே வெளிச்சம் கொடுத்தவர்" என்று சங்கத்தார் பேசினார்கள். எனக்கு அழுகை வரவில்லை. கண்ணாடியைத் தட்டி எழுப்பிக் கேட்கவேண்டும் போலிருந்தது. மத்தியானம் கடந்து எடுத்தார்கள். ஆண்கள் எல்லோரும் பாடையோடு போனார்கள். எங்கள் பக்கத்தில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. பிணம் போன பிறகு வீட்டைக் கழுவிவிடுவது எங்கள் வேலை.

அவர் மனைவி ருக்மணி அண்ணியைக் கூடத்து மூலையில் உட்காரவைத்துவிட்டு, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். தரையெல்லாம் தண்ணீர் ஓடுவதால் முதலில் மெயின் சுவிட்சை அணைத்தார்கள். ஆனால் கூடத்து ஃபேன் நிற்கவில்லை. அவர் கிடத்தப்பட்டிருந்த இடத்துக்கு மேலே சுற்றிக்கொண்டே இருந்தது. துடைப்பம் வைத்திருந்த ஒரு அம்மாள் அப்படியே உறைந்துபோய், "யம்மா, அவுரு இன்னும் போவல போலக்கீது" என்றார். மற்றவர்களும் துடைப்பத்தைப் போட்டுவிட்டார்கள். "இன்வெர்ட்டர்லமா ஓடுது. எங்க வெச்சிருக்காங்க?" என்று கேட்டேன். மாடிப்படிக்கு அடியில் என்று கை காட்டினார்கள். தண்ணீர் அந்தப் பக்கம்தான் ஓடிக்கொண்டிருந்தது. அணைக்கலாம் என்று புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குனிந்து போனேன்.

அங்கே வெள்ளைப் பெட்டி இல்லை. எங்கள் பெட்டி இருந்தது.

முதலில் நம்பவில்லை. பக்கவாட்டுத் தகடு கழன்றிருந்த இடத்தில் விரலை விடாமல் டார்ச் அடித்துப் பார்த்தேன். காயில் முடிகிற இடத்தில் துணி டேப்பைச் சுற்றி நூலால் நான் போடும் முடிச்சு ஒன்று உண்டு; என் மாமியார் பூக்கட்டும்போது போடுகிற முடிச்சு அது. வேறு யாரும் அப்படிப் போட்டு நான் பார்த்ததில்லை. அந்த முடிச்சு இருந்தது. பேட்டரி மட்டும் புதியது.

வெளியே வந்து ருக்மணி அண்ணியிடம் கேட்டேன். அழுது களைத்த குரலில் சொன்னார்: "கம்பெனி பெட்டி எத்தினியோ வந்திச்சி சரளா. எல்லாத்தயும் பொண்ணு வூட்டுக்கு, மச்சான் வூட்டுக்குன்னு குடுத்துட்டாரு. இத்த மாத்தவே வுடல. மெக்கானிக்க கூட தொட வுடமாட்டாரு, அவுரே ரிப்பேரு பண்ணுவாரு. பேரன் பொறந்து படுத்திருந்தது இந்த மாடிப்படி பக்கத்து ரூம்லதான். உம்மேல இருந்த பாசம்மா அவுருக்கு. வெளியில சொல்லத் தெரியாது."

அண்ணி என்னை மன்னிக்கவேண்டும். அது பாசம் இல்லை. அந்தப் பெட்டி வெடிக்கும் என்று அவர் ஒருநாளாவது நம்பியிருந்தால், பச்சைக் குழந்தையை அதன் பக்கத்தில் படுக்க வைத்திருப்பாரா? அவருக்குத் தெரியும். மைக்கைப் பிடித்த அன்றும் தெரியும், கல்யாண வீட்டில் நான் கெஞ்சியபோதும் தெரியும். தன் வீட்டுக்கு நல்லதை வைத்துக்கொண்டு ஊரிடம் கெட்டது என்று சொன்னார். அவர் தவறாக நினைத்திருக்கலாம் என்று நான் மனதில் கொஞ்சம் இடம் விட்டு வைத்திருந்தேன். அந்த இடத்தையும் அவரே எடுத்துக்கொண்டார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. பெண்கள் நான் அண்ணனுக்காக அழுகிறேன் என்று நினைத்துக் கட்டிக்கொண்டார்கள். அவருக்காகவும்தான் அழுதேன், இல்லையென்று சொல்லமாட்டேன்.

திரும்பப் போய் பெட்டியை அணைத்தேன். ஃபேன் மெல்ல நின்றது. வீட்டைக் கழுவித் தள்ளி, தரையைத் துடைத்து, அவர் தலைமாடு இருந்த இடத்தில் விளக்கு வைத்தார்கள். மெயினைப் போட்டார்கள், கரண்ட் இல்லை, எப்போது போனதோ தெரியவில்லை. சுடுகாட்டிலிருந்து பிள்ளைகள் வரும் நேரம். "பெட்டிய போட்டு வுடு சரளா, வர்றவங்க இருட்ல நொழய வேணாம்" என்றார் அண்ணி. அந்தப் பெட்டியை என் கையால் போடக்கூடாது என்று ஒரு நிமிடம் வீம்பு வந்தது. பிறகு போட்டேன். வீடு முழுக்க விளக்கு எரிந்தது.

ஏகாம்பரம் அண்ணா, புத்தலப்பட்டில் வெடித்தது கற்பூரம். உங்கள் பேச்சை நம்பி பெட்டியைக் கொடுத்தவர்கள் இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்: அவர்கள் கொடுத்தது நல்ல பெட்டி. நீங்கள் சொல்வீர்கள் என்று இத்தனை காலம் காத்திருந்தேன், சொல்லவில்லை. நானே சொல்லிவிட்டேன். இனி உங்களிடம் எனக்குக் கேட்க ஒன்றுமில்லை. போய் வாருங்கள்.